தடுப்பூசிக் கொள்முதலும் தலைக்கணக்கும்: மான்குர்த்தும் பூட்டானும்

மும்பை மாநகராட்சியின் எம் கிழக்கு வட்டத்தில், 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி, 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். மான்குர்த், கோவண்டி, தேவ்னார், டிராம்பே ஆகிய பகுதிகள் இவ்வட்டத்தில் அடங்கும். பூட்டான் நாடு 2017ஆம் ஆண்டில் தன் மக்களை எண்ணியபோது கிடைத்த தொகை 7,27,145. ஒன்று இமயமலைச் சாரலில் பரந்து கிடக்கும் நாடு. மற்றொன்று உப்பங்கழிக்கும் குப்பை மேட்டுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் நகரப் பகுதி. ஆயினும் தடுப்பூசி வழங்கும் பணியைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தமேயாகும். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவான மக்களுக்குத் தடுப்பூசி கணித்து, வரவழைத்து, குளிர் குன்றாமல் காத்து, குழந்தையின் கையில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

தட்டம்மையை ஒழித்துவிட்ட நாடு என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் பூட்டானை அறிவித்தது. அப்போது பூட்டான் ஐக்கிய நாடுகளின் பட்டியலில் மிகவும் பின்தங்கிய நாடுகளுள் ஒன்று. அப்பட்டியலிலிருந்து அது வெளியேறியது 2023 டிசம்பரில்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022இன் இறுதி மாதங்களில், எம் கிழக்கு வட்டத்தில் தட்டம்மை பரவிக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. தடுப்பூசி கிடைக்காத தொலைவிலுள்ள ஊரன்று அது. உலகில் புழங்கும் தட்டம்மைத் தடுப்பூசியில் பெரும்பகுதி புனே நகரில் உற்பத்தியாகிறது. மான்குர்த்தை ஒட்டிச் செல்லும் சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் ஏறினால் சில மணி நேரத்தில் புனேயை அடைந்துவிடலாம். ஆகவே வறுமை என்ற ஒரு சொல்லாலோ, தொலைவு என்ற ஒரு சொல்லாலோ இதனை விளக்கிவிட இயலாது.

கணிப்பு எங்கே தொடங்குகிறது?

தடுப்பூசித் தேவையைக் கணிக்கும் முறை கடினமானதன்று. ஒரு பகுதியின் மக்கட்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கினால் ஆண்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கிடைக்கும். அதனைக் குழந்தை ஒன்றுக்கு வேண்டிய தவணைகளால் பெருக்க வேண்டும். குப்பியைத் திறந்தபின் வீணாகும் பங்கை ஈடுசெய்ய மற்றொரு பெருக்கெண் உண்டு. நூற்றுக்கு 25 பங்கு வீணாகுமெனக் கொண்டால் அது 1.33. இதற்குமேல் நூற்றுக்கு 25 பங்கு கையிருப்பாகச் சேர்த்து, ஏற்கெனவே கிடங்கில் உள்ளதைக் கழித்துவிட்டால் ஆண்டுத் தேவை தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஏட்டின்படி 50,000 பேர் வாழும் ஒரு குடியிருப்பு. ஆயிரம் பேருக்கு ஆண்டில் 20 பிறப்பு. குழந்தைகள் 1,000. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இரு தவணைகள், ஆக 2,000. வீணாவதையும் சேர்த்து 2,660. கையிருப்புடன் 3,325. இப்போது அக்குடியிருப்பில் உண்மையில் வாழ்வோர் 65,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் 1,300, தவணைகள் 2,600, வீணாவதைச் சேர்த்தால் 3,458. அதாவது நெருக்கடிக் காலத்துக்கென ஒதுக்கிய கையிருப்பு முழுவதையும் எடுத்துச் செலவிட்டாலும் அன்றாடத் தேவையே நிறைவேறாது. பெருக்கலில் பிழையில்லை, முதல் எண்ணில் பிழை.

பல இடங்களில் இந்த முதல் எண்ணைத் தேடும் தொல்லையே வேண்டாமென்று, சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்றோ அதனையே அடுத்த ஆண்டின் தேவையாக எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு இது எளிது, தணிக்கைக்கும் ஏற்றது. ஆனால் இம்முறையில் சென்ற ஆண்டு வராத குழந்தை இந்த ஆண்டும் கணக்கில் வராது. வந்தவர்களுக்குத் தடுப்பூசி போதுமானதாக இருக்கும். கிடங்கில் பற்றாக்குறை என்ற சொல்லே எழாது. பற்றாக்குறை இல்லை என்பதே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படவும் கூடும். இதனைவிட ஏமாற்றும் புள்ளிவிவரம் வேறில்லை.

தட்டம்மையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்பது மாதக் குழந்தைக்கு இடப்படும் முதல் தவணை நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கே பாதுகாப்பளிக்கிறது. 1,000 குழந்தைகளில் 800 பேர் முதல் தவணை பெற்றால், பாதுகாப்புப் பெறுவோர் 680 பேர். எஞ்சுவோர் 320 பேர். இரண்டாம் தவணை பரவலாகச் சேராவிடில் இந்த எஞ்சியோர் ஆண்டுதோறும் குவிவார்கள். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் ஆண்டுப் பிறப்புக்குச் சமமான குழந்தைகள் நோய்க்கு இரையாகும் நிலையில் ஒரே இடத்தில் வாழ்வார்கள். தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்கு 95 பேராவது இரு தவணைகளும் பெற வேண்டும். பிறப்பை மட்டும் எண்ணித் தடுப்பூசி வரவழைக்கும் திட்டத்தில், இவ்வாறு குவிந்தவர்களுக்கென ஒரு குப்பிகூட ஒதுக்கப்படுவதில்லை.

எண்ணப்படாதோர் எவர்?

மான்குர்த் பகுதியின் முதல் எண் ஏன் எப்போதும் தடுமாறுகிறது என்பதற்கு அப்பகுதியின் வரலாற்றிலேயே விடை உள்ளது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் இது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த ஜனதா காலனி, அணு ஆராய்ச்சி நிலையத்தின் விரிவாக்கத்தையொட்டி 1976 மே மாதத்தில் அகற்றப்பட்டது. அம்மக்கள் டிராம்பேயிலுள்ள சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். இருப்புப்பாதை ஓரங்களில் வாழ்ந்தவர்கள் பின்னர் மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டின் அடுக்குமாடிகளுக்கு வந்தனர். மண்டலா குடிசைப்பகுதி 2004–05இல் இடிக்கப்பட்டு, மீண்டும் எழுந்தது. திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தோரின் பேரப்பிள்ளைகள் ஒரு சந்தில். நேற்று உத்தரப்பிரதேசத்திலிருந்து ரயிலேறி வந்த குடும்பம் அடுத்த சந்தில்.

மராட்டிய மாநிலத்தில் குடிசைவாசிகளை எண்ணுவது பெரும்பாலும் வீட்டுரிமையை முன்னிட்டே நடந்திருக்கிறது. 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1 என்று குறிக்கப்பட்ட நாள்களுக்கு முன் வந்தவர்களே நெடுங்காலம் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோராகக் கருதப்பட்டனர். வீட்டைப் பொறுத்தவரை இத்தகைய வரம்பை வைத்து வாதாடுவது அரசின் கொள்கை. ஆனால் இந்த வரம்பு மக்களிடையே ஓர் அச்சத்தையும் வளர்த்துவிட்டது. பெயர் கேட்டு வருபவர் யாராயினும் அவர் வீட்டை இடிக்கவே வருகிறார் என்று தகுதியற்றோராகக் கருதப்படுவோர் எண்ணுவது இயல்பு. அவர்கள் கதவைத் திறப்பதில்லை. திறந்தாலும் குழந்தைகளின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வதில்லை. தட்டம்மைக் கிருமி எந்த ஆண்டு குடியேறினாய் என்று கேட்பதில்லை.

நாடு தழுவிய கணக்கெடுப்பு 2011க்குப் பின் 2021இல் நடந்திருக்க வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக அது உரிய காலத்தில் நடைபெறவில்லை. எனவே 2022இல் நோய் பரவியபோது அதிகாரிகளின் கையில் இருந்தது பதினோர் ஆண்டுக்கு முந்தைய எண்ணும், அதனை உயர்த்திக்காட்டும் மதிப்பீடும்தான். ஒரு தலைமுறைக் குழந்தைகளே அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

பத்துத் தவணைக் குப்பி

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் குழந்தைக்குத் தடுப்பூசி கிட்டாமற் போகும் மற்றொரு இடம் உண்டு. அது சுகாதார நிலையத்தின் மேசை.

தட்டம்மைத் தடுப்பூசி உலர்ந்த தூளாக வருகிறது. நீர்மம் சேர்த்துக் கலக்கிய நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். போலியோ சொட்டு மருந்து, ஐந்து நோய்த் தடுப்பூசி ஆகியவற்றின் திறந்த குப்பிகளை உரிய நிபந்தனைகளுடன் நான்கு வாரம் வரை வைத்துப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. தட்டம்மைக்கும் காசநோய்த் தடுப்பூசிக்கும் அவ்விதி பொருந்தாது. பத்துத் தவணை கொண்ட ஒரு குப்பியைத் திறக்க இரண்டு குழந்தைகள் மட்டும் வந்திருந்தால் எட்டுத் தவணை வீணாகும்.

வீணாகும் பங்கு கூடினால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். தவணை ஒன்றின் விலை ஒரு டாலருக்கும் குறைவு என்பதை எண்ணிப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை. அவர் முன்னுள்ள படிவத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்ற எண் மட்டுமே இருக்கிறது. எனவே செவிலியர், “அடுத்த வாரம் வாருங்கள், அம்மா, இன்னும் சிலர் சேரட்டும்” என்று திருப்பி அனுப்பும் நிலை வருகிறது. நாட்கூலிக்கு மீன் தோல் உரிக்கவோ, பழைய துணி பிரிக்கவோ செல்லும் தாய் அரைநாள் கூலியை இழந்து வந்திருக்கிறார். மறுவாரம் அவர் வருவார் என்பதற்கு உறுதியில்லை. வராத அக்குழந்தை பதிவேட்டில் “தட்டிக்கழித்தவர்” என்று எழுதப்படுவதும் உண்டு. தட்டிக்கழித்தது யார் என்பது விவாதத்துக்குரியது.

ஐந்து தவணைக் குப்பிகளை வாங்கினால் வீண் குறையும். ஆனால் தவணையின் விலை உயரும், குளிர்பதனப் பெட்டியில் இடமும் கூடுதலாக வேண்டும். இந்த இரண்டில் எது சிக்கனம் என்பதைக் குப்பியின் விலையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைக்குப் பின்னர் மருத்துவமனையில் ஆகும் செலவையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

2022இல் நடந்தது

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றால் வழக்கமான தடுப்பூசி முகாம்கள் தடைப்பட்டன. குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பின. மீண்டு வந்த குழந்தைகளில் பலர் தவணை தவறியவர்கள். 2022 அக்டோபர் இறுதியில் கோவண்டி ரஃபீக் நகரில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி வெளிவந்தது. நவம்பரில் மத்திய அரசு வல்லுநர் குழு ஒன்றை மும்பைக்கு அனுப்பியது. கஸ்தூர்பா மருத்துவமனையில் தனிப் படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர்.

டிசம்பரில் மாநகராட்சி கூடுதல் தவணை வழங்கத் தொடங்கியபோது, ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குறியாகக் கொண்டது. நோய் மிகுந்த இடங்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் ஒரு முன்தவணை இடப்பட்டது. இந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் எந்த ஆண்டுக் கணிப்பிலும் இடம்பெற்றவை அல்ல. மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு விலையின்றி வழங்குவதால் அவை கிடைத்தன. பெரிய நாட்டின் ஒரு பகுதியாக இருப்பதன் நன்மை இது. இதே நிலை ஒரு சிறு நாட்டுக்கு நேர்ந்திருந்தால் குப்பிகள் எங்கிருந்து வந்திருக்கும்? பணம் எவர் தந்திருப்பார்?

சிறு நாடு பணம் தேடும் வழி

பூட்டான் இக்கேள்வியை முன்கூட்டியே எதிர்கொண்டது. கொடையாளிகளின் உதவி என்றேனும் நின்றுவிடும் என்பதை உணர்ந்த அந்நாடு, தடுப்பூசிக்கும் இன்றியமையா மருந்துகளுக்கும் மட்டுமென்று 1998இல் சுகாதார அறக்கட்டளை நிதியொன்றைத் தோற்றுவித்தது. 2.4 கோடி டாலர் மூலதனம் திரட்டுவதும், அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் கொள்முதல் செய்வதும் நோக்கம். 2002இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சாங்கே நெடுப், டிராஷிகாங்கிலிருந்து திம்பு வரை 560 கிலோமீட்டரைப் பதினைந்து நாள்களில் நடந்தே கடந்து நிதி திரட்டினார். விளம்பரம் என்று இதனை ஒதுக்கலாம். ஆனால் ஓர் அமைச்சர் மருந்துக் கொள்முதலுக்காக மலையேறி நடந்த நாட்டில், அந்நிதியைப் பின்னர் வேறு செலவுக்குத் திருப்புவது எளிதல்ல.

பணம் இருப்பது ஒன்று. உரிய மாதத்தில் கையில் இருப்பது மற்றொன்று. வளர்முக நாடுகளில் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறி, நிதியமைச்சகம் தவணை தவணையாகப் பணம் விடுவிக்க மாதங்கள் பல ஆகும். உற்பத்தியாளரோ முன்பணம் கேட்பார். இந்த இடைவெளியிலேயே பல நாடுகளின் கிடங்குகள் காலியாகின்றன. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1970களின் இறுதியில் அமைத்த சுழல்நிதி இதற்கு ஒரு தீர்வு கண்டது. எல்லா நாடுகளின் தேவையையும் ஒன்றுதிரட்டி ஒரே விலைக்கு வாங்கினார்கள். நாடுகள் தடுப்பூசியைப் பெற்றபின் 60 நாள்களில் பணம் செலுத்தின. யூனிசெஃப் நிறுவனம் 1991இல் தொடங்கிய தடுப்பூசித் தன்னிறைவு முயற்சியும் முதலில் வாங்கித் தந்து பின்னர் பணம் பெறும் ஏற்பாடே. இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த ஆண்டு எவ்வளவு வேண்டும் என்று நாடு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னதை வாங்கவும் வேண்டும். கணிப்பு தவறினால் கடன் நம்பிக்கையும் தவறும்.

பூட்டானின் பலவீனமும் மறைக்கத்தக்கதன்று. 2021இல் கொரோனாத் தடுப்பூசியை இந்தியா நன்கொடையாக அளித்தபோது, முதலில் வந்த 1,50,000 தவணைகளை உடனே பயன்படுத்தாமல், வயது வந்தோர் அனைவருக்கும் போதுமான அளவு சேரும்வரை அந்நாடு காத்திருந்தது. மார்ச் 27இல் தொடங்கி இரண்டு வாரங்களில் தகுதியுடையோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதல் தவணை பெற்றனர். தலைக்கணக்கு துல்லியமாக இருந்ததன் பயன் இது. ஆனால் ஏப்ரலில் இந்தியாவில் நோய் பெருகி ஏற்றுமதி நின்றதும், இரண்டாம் தவணைக்கு வழியற்றுப் போயிற்று. ஜூலையில் அமெரிக்கா அளித்த 5,00,000 தவணைகள் வந்தபின்னரே அது நிறைவேறியது. எண்ணத் தெரிந்த நாட்டுக்கும் ஒரே கடையை நம்பினால் இடர் உண்டு.

பணத்தால் மட்டும் ஆகாது

மும்பை மாநகராட்சி நாட்டின் செல்வம் மிகுந்த உள்ளாட்சி அமைப்பு. 2021 மே மாதத்தில், மாநிலங்களே நேரடியாகத் தடுப்பூசி வாங்கலாமென்ற கொள்கை நடைமுறையில் இருந்தபோது, 1 கோடித் தவணைகளுக்கு உலக அளவில் விருப்ப அறிவிப்பு கோரியது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் இடைத்தரகர்கள். எவரும் உரிய ஆவணங்களை முழுமையாக அளிக்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அம்மாதம் 21ஆம் நாள் முதல் கொள்முதலின் பெரும்பகுதி மீண்டும் மத்திய அரசின் பொறுப்பாயிற்று. தடுப்பூசி என்பது சந்தைக்குப் போனால் கிடைக்கும் பண்டமன்று. உற்பத்தி பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடப்படுகிறது. முன்கூட்டித் தேவையைச் சொல்லி உறுதியளித்தவர்களே வரிசையில் முன்னிற்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையம், கிண்டி காசநோய்த் தடுப்பூசிக் கூடம், இமாசலத்துக் கசௌலி ஆய்வு நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. தரக் கட்டுப்பாட்டு முறைகள் உரியவாறு இல்லை என்பது காரணம். அக்காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தும்போது அவற்றின் உற்பத்தி எங்கிருந்து ஈடாகும் என்ற கணிப்பு இல்லாமற் போனது. 2010 பிப்ரவரியில் நிறுத்தம் நீக்கப்படும் வரை பல மாநிலங்கள் தட்டுப்பாட்டை உணர்ந்தன.

வட்டத்தின் கணக்கு

எம் கிழக்கு வட்டத்துக்குத் தனிக் கருவூலம் வேண்டுமென்று எவரும் சொல்லப்போவதில்லை. பணம் மத்திய அரசுடையது. குப்பிகள் காஞ்சூர்மார்க் கிடங்கிலிருந்து வருகின்றன. இருப்பைக் கைப்பேசியில் காட்டும் மின்னணு முறை 2010களின் நடுவிலிருந்து நாடெங்கும் விரிந்திருக்கிறது. எந்தக் குளிர்பதனப் பெட்டியில் எத்தனை குப்பி உள்ளது என்பது டெல்லியிலிருந்தே தெரியும். அந்தப் பெட்டிக்கு எதிர்ச்சந்தில் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்பதுதான் தெரியாது. பூட்டான் தன் கணக்கைத் தானே எழுதுகிறது, ஏனெனில் பிழையின் செலவு அதன் தலையிலேயே விழும். வட்டத்தின் கணக்கோ மேலிருந்து எண்ணாக இறங்கி, கீழே இலக்காக மாறிவிடுகிறது.

யூ-வின் என்னும் பெயர்வழிப் பதிவு முறை 2023இல் சில மாவட்டங்களில் சோதிக்கப்பட்டுப் பின் பரவியது. ஒவ்வொரு குழந்தையையும் பெயரால் பின்தொடர்வதால், ஊரில் முதல் தவணையும் மான்குர்த்தில் இரண்டாம் தவணையும் பெறும் குழந்தை இருமுறை எண்ணப்படாமலும் விடுபடாமலும் இருக்க வழியுண்டு. ஆயினும் பதிவு நடப்பது தடுப்பூசி நிலையத்தில். நிலையத்துக்கே வராத குழந்தையைப் பெயரிட்டு எழுத, சந்து சந்தாகச் செல்லும் சுகாதாரத் தொண்டர்தான் வேண்டும். அவர் கையிலுள்ள ஏட்டில் வீட்டுரிமை பற்றிய ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது. அந்த ஏட்டின் எண்ணை ஆண்டுக் கணிப்பின் முதல் வரியாக ஏற்கும் அதிகாரம் வட்ட மருத்துவ அலுவலருக்கு அளிக்கப்பட வேண்டும். மேலிருந்து வந்த எண்ணைவிட அது கூடுதலாக இருப்பின், குறைப்பதற்கு மாறாகக் காரணம் கேட்டு ஏற்பதே முறை.

இவ்வாறு வீடுவீடாக எண்ணும் பணிக்கு மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பள்ளி விடுமுறையில் மான்குர்த், சீட்டா கேம்ப் குடும்பங்களில் பெரும்பகுதி சொந்த ஊர் சென்றுவிடும். பூட்டிய கதவுகளை எண்ணித் திரும்ப நேரிடும். ஜூன் நடுவில் மழை தொடங்கி, பள்ளி திறந்து, எல்லோரும் திரும்பிய பின்னர் ஒருமுறையும், தீபாவளிக்குப் போனவர்கள் வந்தபின் மற்றொரு முறையும் எண்ணினால், டிசம்பரில் அனுப்ப வேண்டிய அடுத்த ஆண்டுத் தேவைப் பட்டியலுக்கு அந்த எண் கைவசம் இருக்கும்.